பழைய அம்பாசிடரின் உள்ளறைக் கணக்கு

பட்டு நெசவு ஊரான ஆரணியிலும், சேவூர், முள்ளிப்பட்டு, தேவிகாபுரம் பக்கங்களிலும் இன்னும் சில வீடுகளில் அம்பாசிடர் நிற்கிறது. ஓடுகிறதோ இல்லையோ, விற்க மனம் வருவதில்லை. அந்தக் காரில்தான் சேலை மூட்டை காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் போனது. திரும்பும்போது பட்டு நூலும் சரிகையும் வந்தன. கல்யாணப் பெண்ணும் அதில்தான் வந்து இறங்கினாள். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல ஊரில் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். உள்பக்கத்தைப் பற்றிக் கேட்டால்தான் பதில் மழுங்கும். நைந்த இருக்கை, தொங்கும் கூரைத் துணி, பூஞ்சை நாற்றம், கால் வைக்கும் இடத்தில் துரு, இதையெல்லாம் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்றால் ‘பார்த்துச் செய்யலாம்’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்த இடத்தை நிரப்பத்தான் இந்தக் கணக்கு.

அளவு வேறு, விலை வேறு என்று பிரித்துக்கொள்கிறேன். இதில் வரும் மீட்டரும் லிட்டரும் ஏறத்தாழ அளவுகள். காருக்குக் கார் ஒரு சாண் கூடும், குறையும். விலைகள் எல்லாம் கணக்குக்காக நான் போட்டுக்கொண்டவை. உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையை அந்த இடத்தில் வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். விலை வருடத்துக்கு வருடம் மாறும். இருக்கையின் பரப்பு மாறாது.

மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாக வைத்து, 1950களின் கடைசியில் வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்யத் தொடங்கிய கார் இது. 2014 மே மாதம் அங்கே உற்பத்தி நின்றது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரைப் பியூஜோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 97 அங்குலம். வெளி நீளம் 4.3 மீட்டர், அகலம் 1.66 மீட்டர். நமக்கு வேண்டியது உள் அளவு. ஆள் உட்காரும் அறை ஏறத்தாழ 1.3 மீட்டர் அகலம், 1.9 மீட்டர் நீளம், சராசரி 1.1 மீட்டர் உயரம். பெருக்கினால் 2.7 கன மீட்டர் காற்று. இந்த 2.7 என்ற எண் கீழே பல இடங்களில் வரும். அதை வைத்துத்தான் நான் சொல்ல வரும் முதல் விஷயம் நிற்கிறது.

பழைய காரின் உள்பக்கத்தை அழுக்கைவிட வேகமாகக் கெடுப்பது ஈரம். அழுக்கைப் போக்குகிறோம் என்று ஊற்றும் தண்ணீரும் அந்த ஈரத்தில் சேரும்.

ஸ்டீயரிங் கியர் வைத்த அம்பாசிடரின் இருக்கை முன்னும் பின்னும் பெஞ்சு மாதிரி ஒரே நீளமாக இருக்கும். ரெக்சினைப் பிரித்தால் அடியில் பஞ்சு, அதற்கடியில் ரப்பர் பால் தோய்த்த தேங்காய் நார், அதற்கடியில் சாக்குத் துணி, கடைசியில் ஸ்பிரிங். நாரும் சாக்கும் தண்ணீரைக் கண்டால் விடாது. வாட்டர் சர்வீஸில் விட்டு, பைப்பை உள்ளேயே திருப்பி அடிக்கச் சொன்னால் ஒரு துண்டு 3 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உட்காரும் பகுதி, சாயும் பகுதி என முன் இருக்கையில் இரண்டு துண்டு, பின் இருக்கையில் இரண்டு துண்டு. மொத்தம் 12 லிட்டர்.

இந்த 12 லிட்டர் எப்படி வெளியே போகும்? காற்றோடுதான் போகவேண்டும். 30 டிகிரி வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 30 கிராம். வெளிக்காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அதில் ஏற்கெனவே 21 கிராம் இருக்கிறது. மீதி இடம் 9 கிராம். 12,000 கிராமை 9-ஆல் வகுத்தால் 1,333 கன மீட்டர். அதை 2.7-ஆல் வகுத்தால், காருக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 490 முறை முழுசாக மாறவேண்டும். அதுவும் ஒவ்வொரு முறையும் காற்று நிறைய ஈரம் ஏற்றிக்கொண்டு போனால்தான். அவ்வளவு தண்ணீரையும் ஆவியாக்கத் தேவையான வெப்பம் சுமார் 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

கண்ணாடியை ஏற்றி, கதவைச் சாத்தி வெயிலில் நிறுத்தினால் தானே காய்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் அடுத்த கணக்கையும் பார்க்கவேண்டும். மூடிய கார் நடுப்பகலில் 50 டிகிரியைத் தொடும். 50 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு 83 கிராம் நீராவி தாங்கும், 2.7 கன மீட்டருக்கு 224 கிராம். இருக்கையிலிருந்து உச்சமாக அவ்வளவுதான் எழும்பும். இரவில் 24 டிகிரிக்கு இறங்கினால் அதே காற்று தாங்குவது 59 கிராம்தான். மீதி 165 கிராம் கண்ணாடியிலும் கூரைத் தகட்டின் உள்பக்கத்திலும் நீர்த்துளியாகப் படியும். கூரைத் துணியில் பழுப்பு வட்டங்கள் வருவதற்கும், மேலே ஓட்டை இல்லாமலே கூரை உள்ளிருந்து துருப்பிடிப்பதற்கும் இதுவே வழி. மூடி வைத்த காரில் ஈரம் இடம் மாறுகிறது; வெளியே போவதில்லை.

ஆகவே இருக்கையைக் காருக்குள் வைத்துக் கழுவக்கூடாது, காருக்குள் வைத்துக் காயவைக்கவும் கூடாது. பின் இருக்கையின் உட்காரும் பகுதியைத் தூக்கி எடுத்துவிடலாம். முன் பெஞ்சைச் சில போல்ட்டுகள் கழற்றினால் இரண்டு பேர் வெளியே கொண்டுவந்துவிடலாம். மொட்டை மாடியில், தரையில் படாமல், இரண்டு கட்டை மேல் கவிழ்த்து வைத்தால் நாரின் அடிப்பக்கம் முதலில் காயும். வெயிலின் நேர் சூடு ரெக்சினைக் கடினமாக்கும். அடிப்பக்கத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

கழுவ வேண்டிய தண்ணீர் எவ்வளவு? நான்கு துண்டுக்கும் சேர்த்து 1 லிட்டர். அதில் 20 மில்லி ஷாம்பு, அதாவது நூற்றுக்கு 2. வாளியில் அடித்து, வரும் நுரையை மட்டும் பிரஷ்ஷில் எடுத்துத் தேய்க்கவேண்டும். தேய்த்த இடத்தை உடனே ஈரமும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரால் இழுத்துவிட வேண்டும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கருவி அளவுக் குவளை. ஊற்றியது 1 லிட்டர். வேக்குவத்தின் தொட்டியைக் குவளையில் கவிழ்த்தால் 700 மில்லி கறுப்புத் தண்ணீர் இருந்தால், இருக்கையில் தங்கியது 300 மில்லி. மேலே போட்ட அதே வகுத்தல்: 300 கிராமுக்கு 33 கன மீட்டர், கார் அளவில் 12 முறை காற்று. 490 எங்கே, 12 எங்கே! 1,400 வாட் மெஷினை 2 மணி நேரம் ஓட்டினாலும் 2.8 யூனிட்தான் ஆகும்.

தண்ணீரின் அளவைக் குறைக்க இன்னொரு காரணம் உப்பு. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. உங்கள் வீட்டு போர் தண்ணீர் 1,500 என்று மீட்டர் காட்டினால், 12 லிட்டர் காய்ந்தபின் இருக்கைக்குள் 18 கிராம் உப்பு தங்கும். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஸ்பிரிங்கை அரிக்கும். 300 மில்லி காய்ந்தால் தங்குவது அரை கிராமுக்கும் கீழே. கடைசித் துடைப்புக்கு 20 லிட்டர் கேன் தண்ணீர் ஒன்று வாங்கினால் அந்த அரை கிராமும் குறையும். கண்ணாடியிலும் ரெக்சினிலும் வெள்ளைத் திட்டு விழாது.

என்ன போட்டுக் கழுவுவது என்பதில் ஆரணிக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு பசை. சோப்பும் சோடாவும் போட்டு அவித்தால்தான் அது போகும். 1 கிலோ நூலைப் போட்டால் 750 கிராம் அளவில்தான் திரும்பி வரும். சோடாத் தண்ணீரின் காரம் பி.எச். அளவில் 11 அருகில் நிற்கும். கொதிநீரில் நூலின் பசையைக் கரைக்கும் பொருள், பழைய காரில் ஒட்டி நிற்பவற்றையும் விட்டுவைக்காது. கதவுப் பலகையின் கோந்து, அட்டை, தோல் சுற்றிய ஸ்டீயரிங், எல்லாமே அதற்கு இளகும். தோலின் இயல்பு பி.எச். 5-க்கும் கீழே, அமிலப் பக்கம். அதன்மேல் 11-ஐத் தேய்த்தால் ஒரே நாளில் பளிச்சென்று ஆகும், அடுத்த கோடையில் வெடிக்கும். சலவை சோடாவும் துணி துவைக்கும் பவுடரும் ரப்பர் மேட்டோடு நின்றுவிடட்டும். பட்டுச் சேலைக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த நீர் போதும் என்று நம் பாட்டிமார் வைத்த அளவே இருக்கைத் துணிக்கும் சரியான அளவு.

எலியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரணி அரிசி ஆலைகளின் ஊர். நின்றுபோன காரின் பின் இருக்கைக்கு அடியில் எலி குடும்பம் நடத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்கில் ஏறும். முகக்கவசம், கையுறை போட்டு, முதலில் கிருமிநாசினி தெளித்து ஊறவைத்து, பிறகு துணியால் அள்ளவேண்டும். வயர்களின் மேலுறை கடிபட்டிருக்கிறதா என்பதை இருக்கை வெளியே இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவு ஈரக் கணக்கு ஏன் என்றால், இந்த ஊர்க் கார் ஏற்றுவது பட்டு. சாதாரணக் காற்றில் 1 கிலோ உலர்ந்த பட்டு 110 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். வியாபாரத்தில் ஒப்புக்கொண்ட அளவே 11 சதவீதம். ஈரம் கூடினால் 300 கிராம் வரை குடித்தும் கைக்கு நனைந்தது போலத் தெரியாது. மூட்டையில் 5 கிலோ பட்டு இருந்தால், 11-இலிருந்து 20 சதவீதத்துக்கு ஏறும்போது அது காரிலிருந்து எடுத்துக்கொண்ட நீர் 450 கிராம். நீரோடு பூஞ்சை வாடையும் ஏறும். அந்த வாடையோடு சேலையை விரித்தால் எந்தக் கடைக்காரரும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பார். வாடைக்கு அந்துருண்டை போடுவது இன்னும் மோசம். சரிகைக்கு அது ஆகாது. ரப்பர் மேட்டும் ஆகாது, அதில் கந்தகம் இருக்கிறது. வெள்ளி கலந்த சரிகை அதன் பக்கத்தில் கிடந்தால் கறுக்கும். மூட்டைக்கு வெள்ளைப் பருத்தித் துணி சுற்றும் பழக்கத்தில் நல்ல காரணம் உண்டு.

வெயிலும் பட்டுக்கு எதிரிதான். அதற்காகக் கண்ணாடியில் கறுப்புப் பிலிம் ஒட்டவோ திரை தொங்கவிடவோ போகாதீர்கள். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீத வெளிச்சமும் உள்ளே வரவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் பிலிமுக்குத் தடை சொன்னது. மூட்டையை டிக்கியில் வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இனி ரெக்சின். முன் பெஞ்சுக்கு உட்காரும் பகுதி, சாயும் பகுதி, முதுகுப்புறம் எல்லாம் சேர்த்து 2.5 சதுர மீட்டர். பின் பெஞ்சுக்கு 2 சதுர மீட்டர். கடையில் வரும் ரெக்சினின் அகலம் 54 அங்குலம், அதாவது 1.37 மீட்டர். 4.5-ஐ 1.37-ஆல் வகுத்தால் 3.3 மீட்டர். இந்த 3.3-ஐ நம்பித் துணி எடுத்தால் பாதியில் நிற்கும். அம்பாசிடர் இருக்கையில் நெடுக்குக் கோடுகளாக மடிப்பு வரும். ஒவ்வொரு மடிப்பும் துணியைத் தின்னும். தையல் ஓரம், ஓரத்துப் பைப்பிங், கம்பியில் இழுத்து மாட்டும் மடக்கு எல்லாம் போட்டால் 6 மீட்டர். நான்கு கதவுப் பலகைக்கு வெட்டில் போவதோடு 2 மீட்டர். கூரைத் துணி தனி ரகம், 2.25 மீட்டர். ஆக 10.25 மீட்டர், பரப்பில் 14 சதுர மீட்டர். ரவிக்கைத் துணியோடு 6.2 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள பட்டுச் சேலை இரண்டை விரித்தால் வரும் பரப்பைவிடச் சற்றே குறைவு.

நாரை மாற்ற வேண்டுமா என்பதில் குஷன் கடை மேஸ்திரி சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். “அண்ணே, நார் நல்லா இருக்கு, அத எடுத்துப் போட்டுட்டு ஃபுல்லா ஃபோம் வெச்சா சீட்டு ஒசந்துடும். ஸ்டீயரிங் தொடையில இடிக்கும். மேல ஒரு இஞ்சி போட்டா போதும்.” கணக்கும் அவர் பக்கம். நான்கு துண்டின் மேற்பரப்பு 2.6 சதுர மீட்டர். ஒரு அங்குலம், அதாவது 2.5 செ.மீ. கனம் போட்டால் 0.065 கன மீட்டர். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ, ஆக 2.6 கிலோ ஃபோம். நாரை எடுத்துவிட்டு 4 அங்குலம் போட்டால் 10.4 கிலோ. விலை நான்கு மடங்கு, உயரமும் தப்பு. காய்ந்த நார் கையில் அழுத்தினால் திரும்ப எழும்ப வேண்டும். பொடியாக உதிர்ந்தால் மட்டும் மாற்றலாம்.

ரெக்சின் எடுக்கும்போது ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி வந்து எரித்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1972 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கும் 302-ஆம் தரவிதிப்படி, காரின் உள்பக்கப் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் பரவக்கூடாது. 10 செ.மீ. நீளத் துண்டை இடுக்கியில் கிடையாகப் பிடித்து, மணல் மேல், வெளியில், ஒரு நுனியில் தீ வைத்தால் அது முழுசாக எரிய ஏறத்தாழ ஒரு நிமிடமாவது ஆகவேண்டும். தானே அணைந்தால் இன்னும் நல்லது. அரை நிமிடத்தில் ஓடி முடிந்துவிட்டால் அந்த ரகம் வேண்டாம், மீட்டருக்கு எத்தனை ரூபாய் குறைவாக இருந்தாலும்.

தோல் ஊர்களான ராணிப்பேட்டையும் ஆம்பூரும் வாணியம்பாடியும் பக்கத்தில் இருக்கும்போது, தோலே போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கைக்கு மட்டும் 4.5 சதுர மீட்டர் என்பது 48 சதுர அடி. தோலில் தழும்பும் ஓரமும் கழித்தால் 65 முதல் 70 சதுர அடி எடுக்கவேண்டும். தையலுக்கும் கைதேர்ந்த ஆள் வேண்டும். மாதம் ஒருமுறை எண்ணெய்ப் பசை பூசாமல், மூடிய கொட்டகையில் நிற்கும் காரில் தோல் பூஞ்சை பிடிக்கும். என் மனம் ரெக்சின் பக்கம்தான். அம்பாசிடருக்கு அதுதான் பொருத்தமும்.

மேலே சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேலை. தெரியாத வேலை ஒன்று இருக்கிறது: மழையைத் தடுப்பது. அதற்குத்தான் முதல் பணம் போகவேண்டும். கூரையின் பரப்பு 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் கூரை மேல் மட்டும் 100 லிட்டர் விழுகிறது. அதில் நூற்றில் ஒரு பங்கு உள்ளே இறங்கினால் 1 லிட்டர். நாம் அத்தனை கவனமாக அளந்து கழுவிய தண்ணீரும் அதே 1 லிட்டர்தான். கழுவியதில் நூற்றுக்கு 70 பங்கை வேக்குவம் இழுத்துக்கொண்டது. மழை நீரை இழுப்பார் யாருமில்லை. மழைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டருக்கு மீதி இடம் 3 கிராம்தான். அந்த 1 லிட்டர் போக 333 கன மீட்டர் காற்று, கார் அளவில் 120-க்கும் மேற்பட்ட முறை மாறவேண்டும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

தண்ணீர் இறங்கும் இடங்கள் மூன்று: முன், பின் கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், கதவுச் சட்டத்தின் பீடிங், கதவின் அடியில் அடைத்துக்கொண்ட வடிகால் துளைகள். கண்டுபிடிக்கச் செலவில்லை. ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரவேண்டும். மற்றவர் வெளியிலிருந்து செடிக்கு மருந்தடிக்கும் ஸ்பிரேயரில் 5 லிட்டர் எடுத்துக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு ஓரத்திலும் அடிக்கவேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, ஓட்டை எதுவென்று புரியாது. வடிகால் துளையைக் கம்பியால் குத்தினாலே சில கதவுகளிலிருந்து கறுப்புச் சேறும் தேங்கிய நீரும் வழியும். இதற்குக் கூலி கிடையாது. பீடிங், ஒரு கதவுக்கு 3.4 மீட்டர் வீதம் நான்குக்கும் 13.6; வாங்குவது 14 மீட்டர்.

தரைத் தகட்டில் துரு ஓட்டை இருந்தால் டிங்கர் கடை. 30-க்கு 40 செ.மீ. ஒட்டு, 20 கேஜ் தகட்டில், 850 கிராம் எடை. ஓட்டையைத் தகட்டால் மூடாமல், தார் ஷீட் ஒட்டி மறைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அடியில் அரிப்பு தொடரும். தரை 3 சதுர மீட்டர். ரெட் ஆக்சைடு இரண்டு கை அடிக்க அரை லிட்டர் போதும்.

கூரைத் துணி பற்றிச் சொல்ல அதிகமில்லை. வளைந்த கம்பிகளில் கோத்துத் தொங்கும் துணி அது. கம்பிகளை எடுக்கும்போதே முன்னிருந்து பின்னாக எண் எழுதி வைக்கவேண்டும். ஒவ்வொன்றின் வளைவும் வேறு. இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

இப்போது பேரேடு. விலைகள் நான் போட்டுக்கொண்டவை என்பதை மறுபடி சொல்கிறேன்.

சுத்தம்:
ஷாம்பு 300
பிரஷ், துடைக்கும் துணி 300
வேக்குவம் வாடகை 500
கிருமிநாசினி, அரை லிட்டர் 200
கேன் தண்ணீர் 40
முகக்கவசம், கையுறை 100
ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் 300
கூட்டு: ரூ.1,740

மழையைத் தடுத்தல்:
கதவு பீடிங் 14 மீட்டர் × 80 = 1,120
கண்ணாடி ரப்பர் 2 × 900 = 1,800
மாட்டும் கூலி 1,000
தரை ஒட்டு, தகடும் கூலியும் 1,500
ரெட் ஆக்சைடு 200
கூட்டு: ரூ.5,620

கண்ணுக்குத் தெரியும் வேலை, பொருள்:
ரெக்சின் 8 மீட்டர் × 350 = 2,800
கூரைத் துணி 2.25 மீட்டர் × 300 = 675
ஃபோம் 2 ஷீட் × 800 = 1,600
நூல், பசை, கிளிப் 900
கார்ப்பெட் 2.5 மீட்டர் × 450 = 1,125
அடிக் கம்பளி 500
கூட்டு: ரூ.7,600

அதற்கான கூலி:
இருக்கை 5,000
கதவு 1,200
கூரை 3,000
கார்ப்பெட் 1,000
கூட்டு: ரூ.10,200

மொத்தம் ரூ.25,160.

நூற்றுக்கு எவ்வளவு என்று பிரித்தால், சுத்தத்துக்கு 7, மழையைத் தடுக்க 22, கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு 71. அந்த 71-இல் பாதிக்கு மேல், 17,800-இல் 10,200, கைக்கூலி. அசல் சரிகைப் பட்டுச் சேலையில் நூலும் சரிகையும்தான் விலையின் பெரும்பங்கைத் தின்னும். இங்கே நிலைமை தலைகீழ். அதனால் மீட்டருக்கு 50 ரூபாய் குறைந்த ரெக்சினைத் தேடிச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரை போவதில் லாபம் இல்லை. 8 மீட்டரில் மிச்சம் 400 ரூபாய். சுமார் 140 கிலோமீட்டர் போய்வரும் செலவே அதை விழுங்கிவிடும். மட்டமான துணியில் 5,000 ரூபாய்க் கூலியைக் கொட்டிவிட்டு, இரண்டு வருடத்தில் அதே கூலியை மறுபடி கொடுப்பதுதான் உண்மையான நஷ்டம். துணியில் மீட்டருக்கு 100 ரூபாய் கூட்டிப் போட்டாலும் ஏறுவது 800 ரூபாய்தான், மொத்தத்தில் நூற்றுக்கு 3.

கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு இந்தப் பேரேடு சொல்வது இன்னும் தெளிவு. முதல் இரண்டு பகுதியும் சேர்ந்து 7,360 ரூபாய். அதை மட்டும் செய்தால் கார் காயும், வாடை போகும், துரு நிற்கும், சேலை மூட்டையைத் தைரியமாக ஏற்றலாம். இருக்கை பழசாகவே தெரியும், தெரியட்டும். மூன்றாம், நான்காம் பகுதியை மட்டும் செய்து முதல் இரண்டை விட்டால், 17,800 ரூபாய் ரெக்சினும் கூலியும் ஈரத் தரை மேல் உட்கார்ந்திருக்கும். குஷன் கடையில் கார் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: பீடிங் மாற்றியாகிவிட்டதா?

வேலை முடிந்ததா என்று மூக்கைக் கேட்கவேண்டாம். பழகிய மூக்குக்கு வாடை தெரியாது. ஈரப்பதம் காட்டும் மீட்டரைப் பின் இருக்கைக்கு அடியில் வைத்து, கண்ணாடி ஏற்றி, ஓர் இரவு விடவேண்டும். 70, 75-க்கு மேல் போனால் பூஞ்சை வளர இடம் இருக்கிறது. மழையில்லாத மாதத்தில் காலையில் 65-க்குக் கீழே காட்டினால் இருக்கை காய்ந்துவிட்டது. வெளிக்காற்றைவிட உள்ளே பத்துப் புள்ளி கூடுதலாகக் காட்டினால் எங்கோ இன்னும் தண்ணீர் இருக்கிறது. பெரும்பாலும் கார்ப்பெட்டுக்கு அடியிலிருக்கும் கம்பளியில்தான்.

இத்தனை செலவு தகுமா என்பதற்கும் ஓர் எண் உண்டு. 25,160 ரூபாயைப் பத்து வருடத்துக்குப் பரப்பினால் மாதம் 210 ரூபாய். காரைச் சாலையில் வைத்திருக்க அரசுக்குக் கட்டுவதும் அதற்குப் பக்கத்தில் வரும். சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும், பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆனது, வரி தனி. 50 வருடம் கடந்த வண்டிக்கு 2021-இல் வந்த விதிப்படி பழம்பெரும் வாகனப் பதிவு வாங்கலாம்: முதல் பதிவுக்கு 20,000, புதுப்பிக்க 5,000, செல்லுபடி 10 வருடம். ஆனால் சேஸி, பாடி, எஞ்சின் மூன்றும் பெரிதாக மாற்றப்படாமல் இருக்கவேண்டும். அன்றாட ஓட்டத்துக்கும் அந்தப் பதிவு ஆகாது. மூட்டை ஏற்றும் காருக்கு அது வழியல்ல.

மாதம் எது என்றால் மாசி, பங்குனி. காற்று உலர்ந்திருக்கும், மாடியில் நார் விரைவாகக் காயும், கண்ணாடி ரப்பரின் பசை இறுக நாள் கிடைக்கும். சுத்தம், பீடிங், டிங்கர், பிறகு கூரை, பிறகு இருக்கை என்று போகலாம். கூரையை இருக்கைக்கு முன்னால் முடித்துவிட்டால் மேலிருந்து சிந்தும் பசை புது ரெக்சினில் விழாது. கார்ப்பெட்டை மட்டும் அப்போது வாங்கவேண்டாம். வெறும் ரெட் ஆக்சைடு தரையோடு ஓட்டி, ஐப்பசியில் நல்ல மழை ஒன்று பெய்த மறுநாள் காலை நான்கு கால் பள்ளத்திலும் கை வைத்துப் பார்த்து, நான்கும் காய்ந்திருந்தால் 1,625 ரூபாய்க்குக் கார்ப்பெட்டும் கம்பளியும் எடுக்கலாம். ஒரு பள்ளம் ஈரமாக இருந்தால் அந்தக் கதவின் 3.4 மீட்டர் பீடிங்கைக் கழற்றி மறுபடி மாட்டவேண்டும், கார்ப்பெட் அடுத்த மழை வரைக்கும் கடையிலேயே இருக்கட்டும்.